பரம்பரைச் சாமான்

திரைச்சீலைக் கடையில் அவளுக்கு ஜன்னலம்மா என்று பெயர். வாடிக்கையாளர் வீட்டுக்கு டேப்போடு போய் ஜன்னல்களை அளப்பதும், திரும்பி வந்து துணியை வெட்டித் தைப்பதும் அவள் வேலை. கடை முதலாளி அந்தப் பெயரைக் கேலியாகத்தான் வைத்தார். பிறகு வாடிக்கையாளர்களே போன் போட்டு, "அந்த ஜன்னலம்மாவையே அனுப்புங்க" என்று கேட்க ஆரம்பித்ததும் அதுவே பட்டமாகிவிட்டது.

அடுத்தவர் வீட்டு ஜன்னலை அளந்தே அவளுடைய பாதி ஆயுசு போயிற்று. ஒரு வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அங்கே எது பொருந்தவில்லை என்று அவள் கண்ணில் பட்டுவிடும். நல்ல வார்ப்பு விளக்கை டிவிக்குப் பக்கத்தில் ஒண்ட வைத்திருப்பார்கள். கையால் நெய்த விரிப்பைச் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் போட்டு நசுக்கியிருப்பார்கள். அவள் எதுவும் சொல்லமாட்டாள். அளவை எழுதிக்கொண்டு வந்துவிடுவாள்.

அவளுக்கென்று ஒரு சுவர் இருந்ததில்லை. எல்லாம் வாடகை வீடு. எந்த வீட்டுக்காரரும் ஆணி அடிக்க விட்டதில்லை. ஆனாலும் அவள் வாங்கிக்கொண்டேதான் இருந்தாள். வருஷத்துக்கு ஒன்று, நல்ல வருஷமாக இருந்தால் இரண்டு. கைவினைக் கண்காட்சி ஒன்று முடியும் நாளில் வாங்கியது அந்தக் கலம்காரித் துணி. சுவர் முழுக்க விரியும் அளவுக்கு ஒரு மரம், கிளைக்குக் கிளை பறவை. விற்றவனுடைய பேனா கசிந்து ஓரத்தில் மைக்கறை விழுந்திருந்ததால் அவள் கைக்கு எட்டியது. அகலமான பித்தளை உருளி, பழைய பாத்திரக் கடையில் உருக்குவதற்காகத் தராசில் ஏறியிருந்தது. அவள் குறுக்கே போய் நின்று இறக்கச் சொன்னாள். இரண்டு சுடுமண் குதிரைகளில் ஒன்றை அவளும் ஒன்றை அவள் புருஷனும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். கண்ணாடிச் சில்லு பதித்த தோரணம், பழைய புடவைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்ட போர்வை, பனையோலைக் கூடைகள், மெழுகு அச்சில் வார்த்த சின்னப் பித்தளை மாடு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. எல்லாவற்றையும் காகிதத்தில் சுற்றிக் கட்டி வைத்தாள்.

"நாம கால் நீட்டிப் படுக்கவே இடத்தக் காணோம். இவ குதிரைக்கு லாயம் தேடுறா" என்பார் அவள் புருஷன்.

அவர் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். குரல் கணீரென்று இருக்கும். ஒரு விசிலுக்கு ஒரு பஸ் என்று வாழ்ந்தவர். ஓய்வு பெற்ற பிறகு அவர் பேச்சைக் கேட்டுக் கிளம்ப வீட்டில் ஆளில்லாமல் போயிற்று. செய்தித்தாளைச் சத்தமாக வாசிப்பார். அவள் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே ம் கொட்டுவாள்.

அவர்களுக்கு ஒரே மகள். படித்து, பெரிய நகரத்தில் வேலைக்குப் போய், கல்யாணமும் ஆனவள். அவள்தான் கடன் போட்டு, பெற்றோர் இருந்த ஊரிலேயே நான்காவது மாடியில் புது வீடு வாங்கினாள். சாவியை அம்மாவின் கையில் வைத்து, "வாடகை வீட்டுல நீங்க இருந்தது போதும்மா. உன் இஷ்டத்துக்கு ஆணி அடி. யாரும் கேக்கமாட்டாங்க" என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள். அன்றைக்கு அவள் மனசில் வேறு எதுவும் இல்லை.

ஜன்னலம்மா உடனே எதையும் மாட்டவில்லை. காலிக் கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். பிளாஸ்கில் டீ கொண்டுவந்த டைம்கீப்பர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"என்ன பண்ற?"

"வெயில் எங்க வருது, எப்ப போகுதுன்னு பாக்குறேன்."

"இந்த வீட்டுல டைம்கீப்பர் நானா, நீயா?"

"டீயை ஊத்துங்க" என்றாள்.

கலம்காரித் துணி செடிச்சாயம் போட்டது, வெயில் பட்டால் வெளுத்துவிடும். அதனால் அதை வெயில் எட்டாத உள்சுவருக்குக் கொடுத்தாள். மரச்சட்டத்தில் இழுத்து அடிக்காமல், மேலே மட்டும் ஒரு கழி கோத்துத் தொங்கவிட்டாள். காற்று வந்தால் மரம் லேசாக அசையும். குதிரைகளை வாசலுக்கு இரண்டு பக்கமும் காவல்காரர்கள் மாதிரி நிறுத்தலாம் என்றார் டைம்கீப்பர். அவள் இரண்டையும் ஒரே மூலையில், ஒன்றுக்கு ஒரு முழம் பின்னால் மற்றது வருகிற மாதிரி வைத்தாள். ஒன்று நின்று, பின்னால் வருவதற்காகக் காத்திருப்பது போல இருந்தது. உருளியில் தண்ணீர் மட்டும், பூ கிடையாது. ஜன்னல் வெளிச்சம் தண்ணீரில் பட்டுக் கூரையில் நெளிந்தது. ஓலைக் கூடைகள் வெங்காயத்துக்கும் துவைக்கிற துணிக்கும் போயின. ஆயுசு முழுக்கத் திரை தைத்தவள் தன் வீட்டில் ஒரு முழம் திரைகூடப் போடவில்லை. எல்லா ஜன்னலுக்கும் மூங்கில் தட்டிதான்.

கடை முதலாளி பார்க்க வந்தார். கூடத்தின் நடுவில் நின்று ஒரு சுற்றுப் பார்த்தார். வழக்கமாக வாய் ஓயாத மனுஷன்.

"இந்தக் கண்ண வெச்சுக்கிட்டா இத்தனை வருஷம் என் கடையில உக்காந்து நாடா தெச்ச?" என்று கேட்டார்.

அன்றைக்கு அவளுக்கு வயிறு நிறைந்துவிட்டது.

ஒரு மழைக்காலம் முழுக்க அவர்கள் அந்த வீட்டில் இருந்தார்கள். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் கைகால் கழுவி, விளக்கைப் போடாமல் கூடத்தில் உட்காருவாள். இருட்டு முதலில் குதிரையைத் தொடும், கடைசியில்தான் உருளிக்குப் போகும். டைம்கீப்பரும் பக்கத்தில் வந்து உட்காருவார். அந்த நேரத்தில் மட்டும் அவர் செய்தித்தாள் வாசிப்பதில்லை.

மழை விட்டதும் மகள் வந்தாள். வீட்டைப் பார்த்து வாயடைத்துப்போய், ஒவ்வொரு மூலையையும் போனில் படம் எடுத்தாள். ஊர் திரும்பிய பிறகு போன் செய்தாள்.

"அம்மா, நம்ம வீட்டுப் படத்த ஆபீஸ்ல காட்டினேன். ஒருத்தி ஓட்டல்னே நினைச்சுட்டா."

"ஓட்டலா?"

"நல்ல விதமாத்தான்மா சொன்னா. அடுத்த வாரம் அவ குடும்பத்தோட அந்தப் பக்கம் வர்றா. நாலு நாள் தங்கட்டுமா? நீங்க ரெண்டு பேரும் இங்க வந்து என்னோட இருங்களேன்."

நாலு நாள்தானே என்று போனார்கள். திரும்பி வந்தபோது வீடு சுத்தமாகத்தான் இருந்தது. அடுத்த மாதம் இன்னொரு தோழி வந்தாள். அதற்கு அடுத்த மாதம் மாப்பிள்ளை வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். மகள் போனில் அழுதாள்.

"தவணை கட்டலேன்னா வீட்டையே எடுத்துக்குவாங்கம்மா. கொஞ்ச நாளைக்குத்தான். ஊர் சுத்த வர்றவங்களுக்கு வாடகைக்கு விட்டா சமாளிச்சுடலாம். அதே கட்டடத்துல, முதல் மாடியில, பின்பக்கம் ஒரு சின்ன வீடு காலியா இருக்கு. ஆள் வர்ற நாள்ல மட்டும் நீங்க அங்க இருந்தா போதும்."

கூரையே போகும் என்கிறபோது பெற்றவள் என்ன சொல்லமுடியும். "சரி" என்றாள். டைம்கீப்பரும் தலையாட்டினார். ஆள் வருகிற நாள் மட்டும் என்று ஆரம்பித்தது, ஆள் வராத நாளே இல்லை என்று ஆயிற்று. துணிமணி ஒவ்வொன்றாகக் கீழே இறங்கியது. கடைசியில் தையல் மெஷினும் இறங்கியது. முதல் மாடி வீட்டுக்கு ஒரே ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டியின் பாசி பிடித்த சுவர் தெரியும்.

மேல் வீட்டைக் கூட்டித் துடைக்க ஆள் வைக்கலாம் என்று அவள்தான் சொன்னாள். "வெளியாள் வந்தா உன் சாமான உடைச்சுடுவாங்கம்மா" என்றாள் மகள். அது சரியான பேச்சு. அவளை எங்கே பிடித்தால் அசையமாட்டாள் என்று பெற்ற மகளுக்குத் தெரியாதா. விருந்தாளிகள் போகிற அன்றைக்கு ஜன்னலம்மா கடைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, பக்கெட்டும் துடைப்பமுமாகத் தன் வீட்டுக்குப் படியேறுவாள். ஒருநாள் உருளித் தண்ணீரில் சிகரெட் துண்டுகள் மிதந்தன. ஒருநாள் கலம்காரியின் கழியில் ஈரத் துண்டைக் காயப்போட்டிருந்தார்கள். முன்னால் நின்ற குதிரையின் மேல் ஏதோ குழந்தை ஏறி உட்கார்ந்து ஒரு காது போய்விட்டது. துண்டைத் தேடி எடுத்து ஒட்டினாள். ஒட்டின கோடு தெரிந்தது.

டைம்கீப்பருக்கோ புது உயிர் வந்திருந்தது. விருந்தாளிகள் வரும்போது சாவி கொடுத்து வீட்டைச் சுற்றிக் காட்ட ஒருவர் வேண்டும் என்று மகள் அவரை நியமித்திருந்தாள். வெள்ளை வேட்டி சட்டையில் வரச் சொன்னாள். டிப்போவில் காக்கி போட்டு வாழ்ந்த மனுஷன் அவர். முதலில் கூச்சப்பட்டார். பிறகு வேட்டிக்குக் கஞ்சி போடச் சொல்ல ஆரம்பித்தார். "இன்னிக்கு நாலு பேர் வந்தாங்க. அரை மணி நேரம் என் பேச்ச வாயப் பொளந்துகிட்டுக் கேட்டாங்க" என்று சாப்பிடும்போது சொல்லுவார். என்ன பேசினார் என்று அவள் கேட்டதில்லை.

ஒருநாள் கேட்க வாய்த்தது. காலையில் கிளம்பவேண்டியவர்கள் தாமதமாகக் கிளம்ப, அவள் சமையலறையைத் துடைத்துக்கொண்டிருந்தபோதே அடுத்த ஜோடி வந்துவிட்டது. புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள். டைம்கீப்பர் அவர்களைக் கூடத்தில் நிறுத்திக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அதே கணீர்க் குரல்.

"இந்த உருளி எங்க கொள்ளுத் தாத்தா காலத்துது. அவர் வீட்டுல தினம் நூறு பேருக்குக் குறையாம சாப்பிடுவாங்க. இதுலதான் காய்ச்சுறது."

அவருடைய கொள்ளுத் தாத்தா யார் என்று அவருக்கே தெரியாது. தாத்தா வண்டி இழுத்தவர். அவர் வீட்டில் வீட்டு ஆட்களுக்கே சோறு பற்றாது என்று கல்யாணமான புதிதில் அவரே சொல்லியிருக்கிறார்.

"இந்தத் துணி?" என்றாள் அந்தப் பெண்.

"எங்க பெரிய அத்தை கல்யாணத்துக்கு வந்த சீர். அப்பல்லாம் ஒரு துணிக்கு ஒரு வருஷம் எழுதுவாங்க."

"ஓரத்துல இது என்ன, கறையா?"

"விளக்கெண்ணெய். நூறு வருஷத்துக்கு முன்னால குத்துவிளக்குலேருந்து சொட்டினது. நாங்க அத எடுக்கவே இல்ல."

ஜன்னலம்மாவின் கையில் துடைக்கிற துணி அப்படியே நின்றது. கண்காட்சியின் கடைசி நாள், பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கறையைக் காட்டிக் காட்டிப் பேரம் பேசியதும், அந்த மாதம் முழுக்கக் கூடுதல் நேரம் உட்கார்ந்து மெத்தை உறை தைத்ததும் அவளுக்கு நினைவு வந்தது. அந்த வீட்டில் இருந்த ஒவ்வொன்றையும் அவள் ஆயிரத்தில் ஒன்றாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறாள். இப்போது அது எதையுமே யாரும் பொறுக்கவில்லை என்று ஆகிவிட்டது. யாரோ செத்துப்போனவர்கள் விட்டுவிட்டுப் போனதாம்.

பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்தைக் கடந்தாள். அந்தப் பெண் நல்ல மாதிரி. வழிவிட்டு ஒதுங்கிச் சிரித்தாள்.

"வீடு எவ்வளவு சுத்தமா இருக்கு. நீங்க எவ்வளவு வருஷமா இங்க வேலை பாக்குறீங்க?"

ஜன்னலம்மா புருஷனைப் பார்த்தாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பஸ் தாமதமானால் டிப்போவில் பார்ப்பாரே, அதே மாதிரி.

"அவங்க ரொம்ப வருஷமா இருக்காங்க" என்றார்.

"ஆமாம்மா, ரொம்ப வருஷமா" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.

மதியம் அவர் கீழே வந்தபோது தட்டு வைத்துச் சோறு போட்டாள். அவர் இரண்டு வாய் சாப்பிட்டு நிமிர்ந்தார்.

"மக சொல்லச் சொன்னதத்தான் சொல்றேன். பரம்பரைச் சாமான்னாத்தான் மதிப்பாம். கடையில வாங்கினதுன்னா யார் வருவா? வியாபாரத்துல இதெல்லாம் சகஜம்."

"சாமானுக்கு என்ன வேணா சொல்லிக்குங்க. என்ன யாருன்னு கேட்டாங்களே."

"பக்கெட்டும் கையுமா வந்து நிக்குற. நான் வேட்டி கட்டிக்கிட்டு வீட்டுக்காரர் மாதிரி நிக்குறேன். இவதான் என் சம்சாரம்னு எந்த வாயால சொல்றது? அவங்க என்ன நினைப்பாங்க?"

அவள் குழம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே தலையணைக்கு இரண்டு பக்கமும் தலை வைத்தவர்கள். இந்த ஒரு வாக்கியத்தை அவர் கூச்சமில்லாமல், நியாயம் பேசுகிற குரலில் சொன்னார். அதுதான் அவளுக்கு ஆறவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பாள்.

அடுத்த வாரம் ஒருநாள் வீடு காலியாக இருந்தது. கடை வேனையும், திரைக்கம்பி மாட்டுகிற ஆளையும், ஏணியையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். டைம்கீப்பர் டிப்போ நண்பர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்த நேரம். துணியைச் சுருட்டினாள். உருளித் தண்ணீரைக் கழுவுதொட்டியில் ஊற்றினாள். குதிரைகளைப் பழைய துணியில் சுற்றினாள். தட்டிகளையும் விடவில்லை. எல்லாம் வேனில் கடைக் கிடங்குக்குப் போயின. ஆணிகளைப் பிடுங்கி, ஓட்டைகளில் பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். பிற்பகலில் அந்த வீடு வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரி மொட்டையாக நின்றது. இனி இதற்கு யார் வருவார்கள் பார்க்கலாம் என்று நினைத்தாள். ஆள் வருவது நின்றால் வீடு தங்களிடம் திரும்பிவிடும் என்றும் நினைத்தாள்.

அன்று சாயங்காலமே டைம்கீப்பர் மகளுக்குப் போன் போட்டுவிட்டார். மறுநாள் காலை மகள் வந்து இறங்கினாள். மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து, முதல் மாடி வீட்டில் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கத்தவில்லை.

"ஏம்மா இப்படிப் பண்ண?"

"என் சாமான், எடுத்துக்கிட்டேன்."

"நாளைன்னிக்கு ஆள் வர்றாங்க. பணம் கட்டிட்டாங்க."

"எனக்குச் சொன்னியா, என் வீட்டுல யார் வர்றான்னு?"

"உன் வீடா?" என்று கேட்டுவிட்டு மகள் சட்டென்று நிறுத்தினாள். ஆனால் வந்தது வந்துவிட்டது. பிறகு மெதுவாக, கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். "சாமான் உன்னோடதும்மா. நான் இல்லேன்னு சொல்லல. எடுத்துக்கோ. சுவர் என்னோடது. மாசாமாசம் நான் கட்டுறேன். அவர் வேலையில்லாம வீட்டுல உக்காந்திருக்கார். ராத்திரி தூக்கமே இல்ல எனக்கு. நீ ஒரு துணிக்காகவும் ஒரு பாத்திரத்துக்காகவும் கோவிச்சுக்கிட்டு நிக்குற."

"துணிக்காக இல்ல."

"பின்ன எதுக்கு?"

ஜன்னலம்மா புருஷனைப் பார்த்தாள். அவர் தொட்டிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். உங்கப்பா என்னை வேலைக்காரி ஆக்கிவிட்டார் என்று மகளிடம் எப்படிச் சொல்வது? சொன்னாலும், நாக்கு புரண்டுவிட்டது என்றுதானே இருவரும் சொல்வார்கள்.

"ஒண்ணுமில்ல" என்றாள்.

மகள் போனை எடுத்து உட்கார்ந்தாள். அன்றைக்கே கடைத்தெருவுக்கும் போய் வந்தாள். இரண்டு நாளில் மேல் வீட்டுக்கு அட்டைப்பெட்டிகள் ஏறின. ஜன்னலம்மா ஏறிப் போய்ப் பார்க்கவில்லை. வந்தவர்கள் வந்தார்கள், போனவர்கள் போனார்கள். ஒருவரும் பாதியில் திரும்பவில்லை. டைம்கீப்பர் வழக்கம்போலக் கஞ்சி போட்ட வேட்டியில் படியேறினார். துடைக்க வேறு ஒரு பெண்ணை அமர்த்திவிட்டார்கள். உடைந்தால்தான் என்ன, உடைவதற்கு இனி ஒன்றும் இல்லையே.

ஒரு மாதம் கழித்து, தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது என்று யாரோ சொல்ல, அவள்தான் பிளம்பரைக் கூட்டிக்கொண்டு மேலே போகவேண்டி வந்தது. கதவைத் திறந்ததும் ஒரு நொடி அவளுக்குத் தன் சாமான்கள்தான் திரும்ப வந்துவிட்டனவோ என்று தோன்றியது. கிட்டப் போனாள். துணியில் மெஷின் அச்சடித்த மரம். பறவைகள் எல்லாம் ஒரே பறவை. உருளி என்று வைத்திருந்தது மெல்லிய தகடு, மேலே தங்க நிறப் பூச்சு. விரலால் சுண்டினால் டப்பா சத்தம் வந்தது. குதிரைகளை ஒரே கையால் தூக்கிவிடலாம், பைபர்.

ஆனால் எல்லாம் அதே இடத்தில் இருந்தன. துணி வெயில் எட்டாத அதே சுவரில், மேலே மட்டும் கழி கோத்துத் தொங்கியது. உருளியில் வெறும் தண்ணீர், கூரையில் அதே நெளிவு. இரண்டு குதிரைகளும் அதே மூலையில், ஒன்று முன்னால் நிற்க, ஒரு முழம் தள்ளி மற்றது. மகள் தன் போனில் இருந்த படங்களைப் பார்த்துப் பார்த்து அச்சுப் பிசகாமல் வைத்திருக்கிறாள். சாமானைத்தான் ஜன்னலம்மாவால் வேனில் ஏற்ற முடிந்தது. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து அவள் கண்டுபிடித்த இடங்களை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு போக முடியவில்லை.

அவள் நின்றிருக்கும்போதே டைம்கீப்பர் ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். பிளம்பர் குழாயடியில் குனிந்திருந்தான். "இந்த உருளி எங்க கொள்ளுத் தாத்தா காலத்துது" என்று அவர் ஆரம்பித்தார். தகட்டின் விளிம்பைக் கையால் தடவிக்கொண்டே சொன்னார். அவர் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. இத்தனை வருஷமும் அவள் சுமந்து வந்தவற்றில் அவருக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

வந்தவர்களுக்கும் தெரியவில்லை. "இந்த மாதிரி அசல் வீட்ட இப்ப எங்க பாக்க முடியுது" என்றார் அந்தக் குடும்பத்துப் பெரியவர்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு குறைந்தது. சண்டை ஒன்றும் இல்லை. சோறு, துணி, மருந்து, கரண்டு பில் என்று வேண்டியதைப் பேசிக்கொண்டார்கள். அவள் கடைக்குப் போனாள், அளந்தாள், தைத்தாள். சாமான்கள் கடைக் கிடங்கிலிருந்து அட்டைப்பெட்டிகளில் முதல் மாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தன. வைக்க இடமில்லாததால் பெட்டிகளைச் சுவரோரம் மேஜை உயரத்துக்கு அடுக்கி, மேலே கடையில் மிஞ்சிய துணியை விரித்துவிட்டாள். அதன்மேல் தம்ளர், மாத்திரை, டைம்கீப்பரின் மூக்குக்கண்ணாடி எல்லாம் கிடக்கும். சுவரில் ஒரு காலண்டர்கூட அவள் மாட்டவில்லை.

வருஷம் திரும்புவதற்குள் மாப்பிள்ளைக்கு வேலை கிடைத்துவிட்டது, முன்பைவிடப் பெரிய வேலை. மகள் இனிப்போடு வந்தாள். ஜன்னலம்மா டீ போட்டுக் கொடுத்தாள். இனி மேலே போகச் சொல்வாள் என்று மனசில் ஒரு மூலையில் இருந்தது. இருக்கக்கூடாது என்று நினைத்தாலும் இருந்தது.

"அம்மா, மூணாவது மாடியில ஒரு வீடு விலைக்கு வருது" என்றாள் மகள். "எடுத்துடலாம்னு இருக்கோம். மேல் வீடு நல்லாப் போகுது, அத இப்ப நிறுத்தக்கூடாது. இந்த மூணாவது மாடிய நீ பண்ணிக் குடு. ஒரு வருஷம் ரெண்டும் ஓடட்டும். அப்புறம் எது வேணுமோ அதுல நீங்க இருங்க."

"நானா?"

"நீதாம்மா பண்ணணும். ஒரு ஆளக் கூட்டிட்டு வந்து காட்டினேன். நாலு படம் மாட்டலாம்னு சொல்லிட்டு அம்போன்னு நிக்குறான். உன் கை மாதிரி வரல. அப்புறம், மேல இருக்கிற துணி துவைச்சதுல வெளுத்துப்போச்சு, குதிரைக்கு பெயிண்ட் உரியுது. நெட்டுல படம் பாக்குறவங்க சில பேர் டூப்ளிகேட்னு எழுத ஆரம்பிச்சுட்டாங்க. உன்னோடதையே இந்தத் தடவ வெச்சுடலாம். கண்ணாடிக் கூண்டுக்குள்ள வெச்சா யாரும் தொடமாட்டாங்க." கையில் இருந்த தம்ளரைப் பெட்டிகளின் மேல் வைத்தாள். "எல்லாம் எங்க வெச்சிருக்க?"

"வித்துட்டேன்."

மகளுக்கு முகம் மாறிவிட்டது. "எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான்."

"அந்தத் துணியுமா? எப்பம்மா? யாருக்கு? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக்கூடாதா?"

"சாமான் என்னோடதுன்னு நீதானே சொன்ன."

மகள் அப்பாவைப் பார்த்தாள். டைம்கீப்பர் பெட்டிகளுக்குப் பக்கத்தில், கையை எட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் நின்றிருந்தார். ஜன்னலம்மாவும் அவரைப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார், மூடினார்.

"வித்துட்டா" என்றார்.

மகளின் கண் கலங்கியது. பணத்துக்காக மட்டும் கலங்கியதாகத் தெரியவில்லை. சின்ன வயசில் காகிதத்தைப் பிரித்து, அந்தக் குதிரைகளில் ஒன்றுக்குப் பெயர் வைத்து விளையாடியவள் அவள். அது ஜன்னலம்மாவுக்கும் தெரியும். தெரிந்தும் எழுந்து விரிப்பை விலக்கிக் காட்டவில்லை.

"சரி, இடத்தையாவது பாத்துச் சொல்லேம்மா. எத எங்க வெக்கணும்னு."

"இப்பல்லாம் கண்ணு சரியாத் தெரியல" என்றாள் ஜன்னலம்மா. "வேற ஆளப் பாரு."

மகள் இருட்டுவதற்கு முன்னாலேயே கிளம்பிவிட்டாள். கதவைச் சாத்திவிட்டு வந்த டைம்கீப்பர், தம்ளர் இருந்த இடத்தைப் பார்த்தார்.

"அவ தம்ளர் வெச்சதே அது மேலதான். கண்ண இமைக்காம சொல்லிட்டியே. நீ இப்படிப் பொய் சொல்லுவேன்னு எனக்குத் தெரியாது."

"கேட்டுக் கேட்டு வந்துடுச்சு."

அவருடைய போன் அடித்தது. மேல் வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்களாம். கொடியிலிருந்து வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டார். தலையை வாரினார். சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு, "வந்துடுறேன்" என்றார்.

அவர் படியேறும் சத்தம் நின்றதும் அவள் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டாள். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, மறுநாள் கொடுக்கவேண்டிய ஒரு திரைக்கு ஓரம் மடித்தாள். அவர் திரும்பி வந்து கதவைத் தட்டினார். அவளுக்குக் கேட்டது. ஒரு ஓரத்தைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து, துணியை மடித்து வைத்துவிட்டுத்தான் எழுந்தாள்.